எஞ்சினுக்குக் காட்டிய சூடம்

மோட்டார் கார் எஞ்சினை எப்படித் துடைப்பது என்று என்னிடம் கேட்டால் அரை மணி நேரம் நிறுத்தாமல் பேசுவேன். இந்த ஊவா மலையில் அந்த வேலையில் என்னை மிஞ்ச ஆள் இல்லை என்று மார்தட்டிக்கொண்டு திரிந்தவன் நான். பெயர் இப்றாஹீம். பதுளைக்காரன். கொழும்பில் ஒரு பட்டறையில் நாலு வருஷம் கிரீஸும் கரியுமாகக் கிடந்து தொழில் பழகி, ஸ்பிரிங்வெளிக்கு மேலே ஒரு தோட்டத்துத் துரைக்கு டிரைவராக வந்தேன். 1922ஆம் வருஷத்து ஆயுத பூசையன்று அங்கே நடந்ததைத்தான் எழுதுகிறேன். கண் கெட்ட பிறகு சூரிய நமஸ்காரம் என்பார்கள். இது அதுதான்.

காரைக் கழுவித் துடைக்க எனக்கு ஒரு ஆள் இருந்தார், மாடசாமி என்று. அந்த நாளில் அவன் இவன் என்றுதான் பேசுவேன். இப்போது அப்படி எழுதக் கை கூசுகிறது. என்னைவிடப் பத்து வயது மூத்தவர். கவ்வாத்து மலையில் தேயிலைச் செடி வெட்டும்போது கத்தி தவறி இடது கையில் இரண்டு விரல் போய்விட்டது. விரல் இல்லாதவனுக்கு மலையில் என்ன வேலை என்று பெரிய கங்காணி வீரசிங்கம் தோட்டத்துப் புத்தகத்திலிருந்து அவர் பேரை வெட்டப் பார்த்தார். தோட்டத்தில் பேர் வெட்டினால் குடியிருக்கிற லயத்துக் காம்பராவும் போய்விடும். பெண்டாட்டி பிள்ளையோடு மூட்டையைத் தூக்கிக்கொண்டு றோட்டில் நிற்க வேண்டியதுதான். நான்தான் துரையிடம் சொல்லி அவரைக் கார் வேலைக்கு எடுத்துக்கொண்டேன். அந்த உபகாரத்தை நான் ஒரு நாளும் மறக்கவில்லை. அவரையும் மறக்க விடவில்லை.

வேலையில் மாடசாமி கெட்டிக்காரர். மழை நாளில் பசறைக்கு ஒரு தடவை போய் வந்தால் போதும், எஞ்சினெல்லாம் செம்மண்ணும் எண்ணெயும் சேர்ந்து களியாகிவிடும். "எஞ்சினில உள்ளங்கைய வெச்சுப் பத்து எண்ணு. கை சுடாட்டித்தான் வேல தொடங்கணும்" என்று நான் சொல்லியிருந்தேன். அவர் இருபது எண்ணுவார். எஞ்சினுக்குப் பொறி கொடுக்கிற சாமான் மேக்னெட்டோ. அதில் ஈரம் இறங்கினால் கார் நின்ற இடத்திலேயே நிற்கும். அதனால் மேக்னெட்டோவையும் காபுரேட்டர் வாயையும் மெழுகுசீலையால் மூடிக் கயிறு கட்டிவிடுவார். பிறகு தும்புப் பிரஷை மண்ணெண்ணெயில் நனைத்து அழுக்கை ஊற வைத்து, சுரண்டி, பழஞ்சீலையால் ஒற்றி எடுப்பார். வாளித் தண்ணீரை அள்ளி வீசுகிற முரட்டு வேலையெல்லாம் அவரிடம் கிடையாது.

அவருக்குச் சுருட்டுப் பழக்கம் உண்டு. ஆனால் காரைத் தொடுமுன் சுருட்டையும் நெருப்புப் பெட்டியையும் கார் நிற்கிற கொட்டிலுக்கு வெளியே நாற்பதடி தள்ளி, பலாமரத்தடியில் ஒரு கல்லின் மேல் வைத்துவிடுவார். எஞ்சின் பக்கம் சுருட்டு கூடாது என்று நான் முதல் நாளே சொல்லியிருந்தேன். மூன்று வருஷத்தில் ஒரு நாள்கூட அவர் அதை மறந்ததில்லை.

ஆயுத பூசைக்குத் தோட்டத்தில் கவ்வாத்துக் கத்தி, மண்வெட்டி, பேக்டரி மெஷின் எல்லாவற்றுக்கும் சந்தனம் குங்குமம் வைத்துப் படைப்பார்கள். நான் வந்த முதல் வருஷமே கங்காணி காருக்கும் பூசை போட வேண்டும் என்று கேட்டார். துரை சிரித்துக்கொண்டே சரி என்றார். எனக்குத்தான் சங்கடம். வேண்டாம் என்றால் அவர்கள் மனம் நோகும். கூட நின்றால் என் மார்க்கத்துக்கு ஆகாது. "நீங்க செய்ங்கோ, நான் அந்தப் பக்கம் போயிட்டு வாறன்" என்று சொல்லிவிட்டு என் அறைக்குப் போய்விடுவேன். பூசை முடிந்ததும் மாடசாமி வாழையிலையில் பொரியும் கடலையும் கொண்டுவருவார். "இது சாமிக்கு வைக்காதது நானா. ஒங்களுக்குன்னு மொதல்லயே தனியா எடுத்து வச்சிட்டேன்" என்பார். நானா என்றால் எங்கள் ஆட்களில் அண்ணன்; வயதில் மூத்தவரானாலும் அவர் என்னை அப்படித்தான் கூப்பிடுவார். அப்படி ஒருவரையொருவர் பார்த்து நடந்துகொண்டோம். அதனால் காருக்கு என்ன பூசை, எப்படிப் பூசை என்று நான் ஒரு தடவைகூடக் கண்ணால் பார்த்ததில்லை.

அந்த வருஷம் புரட்டாசியிலேயே மழை பிடித்துக்கொண்டது. பதுளையிலிருந்து மண்ணெண்ணெய் கொண்டுவர வேண்டிய மாட்டு வண்டி வந்து சேரவில்லை. பங்களா விளக்குக்கே சொட்டுச் சொட்டாக ஊற்றினார்கள். பூசைக்கு மறுநாள் விடியற்காலையில் துரை பண்டாரவளைக்குப் போய், தோட்டம் பார்க்க வருகிற பெரிய துரையைக் கூட்டிவர வேண்டும். அந்த மனிதருக்குக் காரைக் கண்டால் பானட்டைத் தூக்கிப் பார்க்கிற வியாதி. எஞ்சின் பளபளவென்று இருக்க வேண்டும் என்று எங்கள் துரை என்னிடம் இரண்டு தடவை சொல்லிவிட்டார்.

"மண்ணெண்ணெ ஒரு சொட்டு இல்ல நானா. வெறுஞ்சீலையால தொடைச்சு விட்டுரட்டுமா?" என்று மாடசாமி கேட்டார்.

"வெறுஞ்சீலைக்கு இந்தக் களி போகுமா? இந்தா, புடி." பூட்டி வைத்திருந்த பெற்றோல் டின்னைத் திறந்து ஒரு போத்தல் நிறைய ஊற்றிக் கொடுத்தேன். "மண்ணெண்ணெய்ய விட இது நல்லா அழுக்கெடுக்கும். கெதியாக் காஞ்சிரும்."

அவர் போத்தலை முகர்ந்து பார்த்தார். "இது பொல்லாத சாமானாச்சே. பயமா இருக்கு நானா."

"சுருட்ட மட்டும் தள்ளி வை. மத்தத நான் பாத்துக்கொள்றன்."

பார்த்துக்கொண்ட லட்சணத்தைச் சொல்கிறேன். பெற்றோல் ஈரம் கண்ணுக்குக் காய்ந்துவிடும், ஆனால் அதன் ஆவி போகாது. காற்றைவிடக் கனமானது. எஞ்சினுக்கு அடியில் இருக்கிற தகரத் தட்டில் தண்ணீர் தேங்குவது போலத் தேங்கி நிற்கும். பெற்றோலால் துடைத்தால் வெட்டவெளியில் துடைத்து, தட்டைக் கழற்றிக் காய வைத்து, பானட்டை அரை நாளாவது திறந்து போட வேண்டும். இது பட்டறையில் எனக்குக் காதைப் பிடித்துச் சொல்லிக்கொடுத்த பாடம். மாடசாமிக்கு யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை. அவர் வெளியில் வைத்து எஞ்சினைத் தங்கமாகத் துடைத்து முடித்தபோது மணி மூன்று. மழை இறங்கிவிட்டது. இரண்டு பேருமாகக் காரைக் கொட்டிலுக்குள் தள்ளினோம். கூரை ஒழுகுகிறது, துடைத்த எஞ்சின் நனைந்துவிடும் என்று பானட்டை மூடி வாரை இழுத்துக் கட்டியது நான். என் இந்தக் கையால்தான் கட்டினேன்.

கொஞ்ச நேரத்தில் கங்காணி வீரசிங்கம் தலையில் துண்டைப் போட்டுக்கொண்டு ஆட்களோடு வந்தார். தட்டில் பூ, எலுமிச்சம்பழம், குங்குமம், சூடம். சூடத்தை நான் பார்த்தேன். பார்க்கவில்லை என்று சொன்னால் அது பொய். கார் முன்னால் நின்று இரண்டு சுற்றுச் சுற்றிவிட்டுப் போவார்கள் என்று நினைத்தேன். அஸர் தொழுகைக்கு நேரமாகிவிட்டது. "நீங்க செய்ங்கோ, நான் அந்தப் பக்கம் போயிட்டு வாறன்" என்று வழக்கம்போலச் சொல்லிவிட்டு நடந்தேன். "சரிங்க நானா" என்றார் மாடசாமி. குளித்து, நெற்றி நிறைய விபூதி பூசி, வெள்ளை வேட்டி கட்டியிருந்தார்.

தொழுது முடித்து ஸலாம் கொடுக்கிறேன், பெரிய பாயை உதறினது போல ஒரு சத்தம். அதன் பிறகு அலறல்.

ஓடிப் போய்ப் பார்த்தால் பானட் திறந்திருக்கிறது, எஞ்சின் எரிகிறது, மாடசாமி வாசலில் சேற்றில் உருண்டுகொண்டிருக்கிறார். நனைந்த சாக்குகளைப் போட்டு அமுக்கினோம். காரில் வயர்களும் வர்ணமும் கருகியதோடு சரி. மாடசாமிக்கு முகம், மார்பு, இரண்டு கை. வேட்டி உடம்போடு ஒட்டிப்போயிருந்தது.

கங்காணி சொன்ன பிறகுதான் எனக்கு விஷயம் தெரிந்தது. ஒவ்வொரு வருஷமும் மாடசாமி பானட்டைத் திறந்து, சூடத் தட்டை உள்ளே நீட்டி எஞ்சினுக்குத்தான் காட்டுவாராம். காருக்கு உயிர் எஞ்சின்தானே, மூஞ்சிக்குக் காட்டி என்ன பிரயோசனம் என்பாராம். மற்ற வருஷங்களில் மண்ணெண்ணெயால் துடைத்து ஒற்றி எடுத்த எஞ்சினுக்கு அதனால் ஒன்றும் ஆகவில்லை. சுருட்டை நாற்பதடி தள்ளி வைத்த அதே மனிதர் சூடத்தைக் கையில் ஏந்திக்கொண்டு போயிருக்கிறார். சாமி விளக்கும் நெருப்புத்தான் என்று அவருக்கு யார் சொல்வது? நான்தான் சொல்லியிருக்க வேண்டும்.

மாட்டு வண்டியில் வைக்கோல் பரப்பிப் பதுளை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். கூடவே நானும் அவருடைய மனைவி கருப்பம்மாவும் போனோம். வழியில் அவர் உதடு அசைந்தது. குனிந்து காதைக் கொடுத்தேன்.

"மேக்னெட்டோவுக்கு ஒண்ணும் ஆவலையே நானா? நல்லா மூடித்தான் தொடைச்சேன்."

"ஒண்டும் ஆகல்ல" என்றேன். வண்டியோடு நடந்துகொண்டே அழுதேன். என் அழுகையில் அன்றைக்குப் பொய் இல்லை.

மறுநாள் காலையில் துரை என்னையும் கங்காணியையும் ஆபீசுக்குக் கூப்பிட்டார். பண்டாரவளைப் பயணம் கெட்டுப்போன கோபம் முகத்தில் இருந்தது. துரைக்குத் தோட்டத்துத் தமிழ் அரைகுறையாக வரும்.

"எஞ்சின் பெற்றோல் வாசம். அவனுக்கு யாரு பெற்றோல் குடுத்தது?"

கங்காணி முந்திக்கொண்டார். "திருடியிருப்பான் தொரை. விரலு போனப்பவே அவன் பேர வெட்டச் சொன்னேன்."

துரை என்னைப் பார்த்தார். "நீ குடுத்தது?"

பதுளையில் என் மனைவி ஹம்ஸியா ஏழு மாதக் கர்ப்பிணி. டிரைவர் லைசென்ஸ் போய்விடும், பொலிசு வரும், ஜெயில். எல்லாம் ஒரு நொடியில் கண் முன் ஓடியது. அத்தனையும் உண்மைதான். ஆனால் அதெல்லாம் சாக்கு. எனக்குப் பயம், அவ்வளவுதான்.

"தெரியாது தொரை" என்றேன்.

திருட்டுக் குடும்பத்துக்குத் தோட்டத்தில் இடமில்லை என்று துரை தீர்த்துவிட்டார். கருப்பம்மா பேரும் மகள் இராக்கம்மா பேரும் வெட்டு. அடுத்த ஞாயிற்றுக்கிழமைக்குள் காம்பராவைக் காலி பண்ண வேண்டும். என்னிடம் ஒரே ஒரு வார்த்தைதான் சொன்னார், பெற்றோல் பெட்டிக்கு நல்ல பூட்டாக வாங்கிப் போடு என்று.

மாடசாமி நாலாம் நாள் போய்ச் சேர்ந்தார். ஆடு நனைகிறதே என்று ஓநாய் அழுத கதையாக, துக்கம் கேட்கப் போன கங்காணி அங்கேயே நின்று காம்பராவை யாருக்குக் கொடுக்கலாம் என்று பேசினாராம். அவரைத் திட்ட எனக்கு என்ன யோக்கியதை? நாளைக்குச் சொல்லிவிடுவோம், நாளைக்குச் சொல்லிவிடுவோம் என்று ஒவ்வொரு நாளும் நினைத்தேன். காலையில் ஆபீஸ் வாசல்வரை இரண்டு தடவை போனேன். துரை தலையை நிமிர்த்தியதும் "குட் மோர்னிங் சேர்" என்று சொல்லிவிட்டுத் திரும்பி வந்தேன்.

ஞாயிற்றுக்கிழமை வந்தது. கருப்பம்மாவும் மகளும் இரண்டு மூட்டை, ஒரு பித்தளைப் பானையோடு பலாமரத்தடியில் பதுளை வண்டிக்குக் காத்திருந்தார்கள். கருப்பம்மா பிறந்ததே அந்தத் தோட்டத்தில்தான். வேறு போக்கிடம் கிடையாது. பசறைப் பக்கம் ஏதாவது தோட்டத்தில் பேர் பதியக் கேட்டுப் பார்க்கப் போகிறார்களாம். பக்கத்துக் கல்லின் மேல் மாடசாமியின் பாதிச் சுருட்டும் நெருப்புப் பெட்டியும் மழையில் ஊறிப்போய் அப்படியே கிடந்தன. யாரும் எடுக்கவில்லை.

என்னால் தாங்க முடியவில்லை. கிட்டப் போனேன்.

"கருப்பம்மா, ஒன்னோட ஒண்டு சொல்லோணும். அந்தப் பெற்றோல அவன் களவெடுக்கல்ல. நான்தான் குடுத்தேன்."

கருப்பம்மா மூட்டை முடிச்சை இறுக்கிக்கொண்டிருந்தாள். முடிச்சைப் போட்டு முடித்துவிட்டுத்தான் நிமிர்ந்தாள்.

"தெரியுங்க நானா."

அவள் மூட்டையை மரத்தில் சாய்த்து வைத்துவிட்டுச் சொன்னாள்.

"ஆஸ்பத்திரியிலயே அவரு சொல்லிட்டாரு. நான் போயி தொரைகிட்ட சொல்றேன்னேன். நீ வாயத் தெறக்காத, ஒன் பேச்ச நம்பமாட்டாங்கன்னாரு. நானாவே சொல்லிருவாரு, வெரலு போனப்ப நமக்காகப் பேசுன மனுசன், நம்மள றோட்டுல விடமாட்டாருன்னு சொல்லிக்கிட்டே இருந்தாரு. மூச்சு நிக்கிறவரைக்கும் அதத்தான் சொன்னாரு."

அவள் குரலில் கோபம் இல்லை. கோபப்பட்டு என்னை நாலு வார்த்தை ஏசியிருந்தால் பிழைத்திருப்பேன்.

"நீங்க ஆபீசுக்குப் போனப்பல்லாம் நாங்களும் பாத்துக்கிட்டுத்தான் நின்னோம் நானா. நேத்து சாயங்காலம்வரைக்கும் நின்னோம். அப்பறந்தான் பானையக் கழுவிக் கவுத்தேன்."

வண்டி வந்தது. இராக்கம்மா மூட்டைகளை ஏற்றினாள். துரையின் பங்களா கூப்பிடு தூரத்தில்தான் இருந்தது. துரை வராந்தாவில் உட்கார்ந்து பேப்பர் வாசித்துக்கொண்டிருந்தது எனக்கு நன்றாகத் தெரிந்தது. வண்டி வளைவில் மறைகிறவரை நான் அந்த மரத்தடியிலேயே நின்றேன்.