மேட்டுக்கு ஏறிய முட்டை

என் தங்கையிடம் ஒரு கார் இருக்கிறது. கார் என்று சொன்னால் மற்ற கார்கள் கோபித்துக்கொள்ளும். மூன்று சக்கரம், ஒரே கதவு. அந்தக் கதவும் முன்பக்கம். வண்டியின் முகத்தையே திறந்துகொண்டுதான் உள்ளே ஏறவேண்டும், ஃபிரிட்ஜுக்குள் போய் உட்காருவதைப் போல. இரண்டு பேர் தாராளமாக உட்காரலாம், இருவரும் மூச்சை ஒரே நேரத்தில் இழுக்காமல் இருந்தால். ரிவர்ஸ் கியர் கிடையாது. பின்னால் போகவேண்டுமென்றால் இறங்கி, தூக்கி, திருப்பி வைத்துவிட்டு ஏறிக்கொள்ளலாம். தெருவில் எல்லோரும் அதை முட்டை என்பார்கள்.

தங்கை நர்ஸாக இருந்தாள். வேலைக்குப் போன காலமெல்லாம் முட்டையில்தான் போனாள். ஓய்வு பெற்ற அன்று அதைக் கொண்டுவந்து ஷெட்டில் விட்டாள். அதற்குப் பிறகு இருபது வருஷம் அது அங்கேயே நின்றது. அதன்மேல் படிந்த தூசியில் ஒரு சிறிய செடி முளைத்து, பூத்து, காய்த்து, விதையும் போட்டது. நம்பாதவர்கள் என் தங்கை புருஷனைக் கேட்கலாம். மாப்பிள்ளை நான் சொன்னதைவிட இரண்டு காய் கூடுதலாகவே சொல்வார்.

விஷயம் ஆரம்பித்தது சீட்டாட்டத்தில். தங்கைக்கு ஒரு தோழி, அவளும் பழைய நர்ஸ்தான். வீடு மேட்டுத் தெருவின் உச்சியில். பஸ் ஏறாத மேடு, ஆட்டோக்காரர்கள் பேரைக் கேட்டாலே டீ குடிக்கப் போய்விடுகிற மேடு. தோழி இடுப்பை முறித்துக்கொண்டதிலிருந்து கீழே இறங்குவதில்லை. தங்கையின் முட்டி மேலே ஏற ஒத்துக்கொள்வதில்லை. அதனால் இருவரும் போனில் சீட்டாடினார்கள். ஆளுக்கு ஒரு கட்டு. எடுத்தது என்ன, போட்டது என்ன என்று வாயால் சொல்லவேண்டும். தினமும் தோழிதான் ஜெயித்தாள்.

"அவகிட்ட அஞ்சு ராணி இருக்கு அண்ணா" என்றாள் தங்கை. "ஒரு கட்டுல எத்தனை ராணி இருக்கும்னு எனக்குத் தெரியாதா? நேர்ல போய் எதிர்ல உக்காந்து அவ கையைப் பார்த்தாத்தான் எனக்குத் தூக்கம் வரும்."

"உன் பையனைக் கொண்டுபோய் விடச் சொல்லேன்."

"அவன் விட்டா அவன்தான் கூட்டிட்டு வரணும். நாலாவது ஆட்டத்துல ஹாரன் அடிப்பான். ஹாரன் சத்தத்துல எவளாவது நல்லா ஆடமுடியுமா?"

முட்டை ஓடினால் நினைத்தபோது போகலாம், நினைத்தபோது வரலாம். அதற்குள் அவள் பையன், அதாவது என் மருமகன், வேறு ஏற்பாடு செய்துவிட்டான். அவனுடைய சிநேகிதன் ஒரு காபிக் கடை வைத்திருந்தான். முட்டையை நடுவில் அறுத்து முன்பாதியைக் கல்லாவாக வைப்பதாகத் திட்டம். அந்தப் பையன் மிகவும் மரியாதையானவன். செருப்பைக் கழற்றிவிட்டு ஷெட்டுக்குள் வந்தான். சாக்பீஸை எடுத்து முட்டையின் வயிற்றில் நேராக ஒரு கோடு போட்டான்.

"இங்கதான் வெட்டணும் ஆன்ட்டி. வலிக்காது."

தங்கை மகனைத் திரும்பிப் பார்த்தாள். "ஏன்டா, நான் போனப்புறம் என்னையும் இப்படித்தான் கோடு போட்டுப் பிரிச்சுக் கொடுப்பியா?"

"அம்மா, ஓடாத வண்டிம்மா அது. மாமா, நீங்களாவது சொல்லுங்க."

"நான் என்னத்தைச் சொல்றது? கல்லாவா வெச்சா பாதி காருக்காவது ஒரு வேலை கிடைக்கும்" என்றேன். தங்கை என்னைப் பார்த்த பார்வையில் எனக்கு இலேசாகக் காய்ச்சல் கண்டது.

கடைசியில் மருமகன்தான் இறங்கிவந்தான். "சரி, நீ எதுக்கு இதைக் கேக்கறே? அவங்க வீட்டுக்குப் போகத்தானே? சனிக்கிழமை இவன் மினி லாரி கொண்டு வருவான். அன்னிக்கு வண்டி தன் சொந்தக் கால்ல மேட்டு வீட்டு கேட் வரைக்கும் ஏறிட்டா, நான் வாயே திறக்கமாட்டேன். ஏறலைன்னா இவன் எடுத்துட்டுப் போயிடுவான்."

"எழுதியா தரணும்? சரின்னு சொல்றேன்ல" என்றாள் தங்கை.

மாப்பிள்ளையும் நானும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம். முட்டை புத்தம் புதிதாக இருந்தபோதே அந்த மேட்டில் ஏறியதில்லை. பாதி வழியில் இருமும், தும்மும், நின்றுவிடும். எத்தனையோ மெக்கானிக்குகள் பார்த்து, தலையைச் சொறிந்து, வழுக்கையானார்கள். தங்கைக்கும் இது தெரியும். தெரிந்தும் சரி என்றாள். சின்ன வயதிலிருந்தே அப்படித்தான்.

மாப்பிள்ளை கடிகாரம் பழுதுபார்ப்பவர். எதையும் கடைசித் திருகு வரை பிரித்து வெள்ளைத் துணியில் பரப்பினால்தான் அவருக்கு மனம் ஆறும். அவர் வீட்டில் ஆறு கடிகாரங்கள், ஒன்றுக்கும் முள் கிடையாது. திங்கட்கிழமை காலை அவர் வெள்ளைத் துணியோடு வந்து நின்றார்.

"மச்சான், என்ஜினை இறக்கி, முழுசாப் பிரிச்சு, சுத்தம் பண்ணி, பெயின்ட் அடிச்சு..."

"ஏங்க" என்று தங்கை குறுக்கே வந்தாள். "துணியை மடிங்க. நீங்க பிரிச்சா இந்த ஜென்மத்துல திரும்பச் சேராது. இது வயசான பேஷண்ட். ஆபரேஷன் தாங்காது. சொட்டு மருந்து, கொஞ்சம் மசாஜ், ஓட்டை இருந்தா ஒரு கட்டு. அவ்வளவுதான். எழுந்து நடந்தாப் போதும், அழகிப் போட்டிக்கா அனுப்பறோம்?"

அதன்படியே வைத்தியம் நடந்தது. என்ஜினுக்குள் பிஸ்டன் துருப்பிடித்து இறுகிக் கிடந்தது. பிளக்கைக் கழற்றி, அந்த ஓட்டை வழியே டீசலும் ஆயிலும் கலந்து வேளாவேளைக்கு ஊற்றினாள் தங்கை. ஊற்றிவிட்டு என்ஜின்மேல் கையை வைத்துப் பார்ப்பாள். புதன்கிழமை வண்டியை டாப் கியரில் போட்டு முன்னும் பின்னும் ஆட்டினோம். உள்ளே யாரோ நீண்ட தூக்கத்திலிருந்து சொடக்கு எடுப்பதைப் போல ஒரு சத்தம். பிஸ்டன் அசைந்துவிட்டது.

பெட்ரோல் டேங்க் உள்ளே துரு. அதற்குள் ஒரு கைப்பிடி நட்டு போல்ட்டுகளைப் போட்டு மூடி, துணி துவைக்கும் இயந்திரத்தின் மேல் கட்டி, இயந்திரத்தை ஓடவிட்டோம். டேங்க் வெள்ளிக் கிண்ணம்போல ஆனது. இயந்திரம் மட்டும் ஆடி ஆடி நடந்து, வாசல் வரை போய், வெளியே எட்டிப் பார்த்துவிட்டு நின்றது. டயர்களை ஸ்கூட்டர் கடையில் வாங்கிப் போட்டோம். பிரேக்கில் மட்டும் தங்கை யாரையும் நம்பவில்லை. கேபிள், கட்டை எல்லாம் புதிது போடவைத்து, தானே உட்கார்ந்து மிதித்துப் பார்த்தாள்.

"ஓடலைன்னா வீட்டுக்கு நடந்து வந்துடலாம். நிக்கலைன்னா எங்க போய் வர்றது?"

மிச்சமிருந்தது பாயிண்ட் தட்டு. பிளக்கில் எந்த நொடியில் தீப்பொறி விழவேண்டும் என்று நிர்ணயிக்கிற சின்ன வட்டத் தட்டு அது. வண்டியின் பின்பக்கத்தில், என்ஜினுக்கும் அதன் பின்னாலிருந்த தகட்டுக்கும் இடையில், கை மட்டுமே நுழைகிற சந்தில் இருந்தது. என்ஜினை இறக்கினால் முகத்தெதிரே இருக்கும். இறக்கக்கூடாது என்பது உத்தரவு. மாப்பிள்ளை தன் சவரக் கண்ணாடியைக் கொண்டுவந்தார். நான் அதைச் சந்துக்குள் பிடித்தேன். அவர் கண்ணாடியைப் பார்த்தபடி, தட்டிலிருந்த பழைய அடையாளத்துக்கு நேராக அதைத் திருப்பி, திருகை இறுக்கினார். கடைசி இறுக்கில் திருகின் தலை உடைந்து கையோடு வந்தது.

"பரவாயில்ல மச்சான்" என்றார் திருப்தியாக. "இனிமே இது எந்தக் காலத்துலயும் அசையாது."

வெள்ளிக்கிழமை சாயங்காலம் ஸ்டார்ட் செய்யும் கயிற்றை இழுத்தேன். நான்காவது இழுப்பில் கயிறு என்னைத் திருப்பி இழுத்தது. முட்டை வெடித்தது. சைலன்சருக்குள் குடியிருந்த எலிக் கூடு முழுதாகப் பறந்துபோய்ப் பக்கத்து வீட்டுக்காரர் விரித்துப் படித்துக்கொண்டிருந்த பேப்பரில் இறங்கியது. எலி எழுந்து உட்கார்ந்து, முன்னறிவிப்பில்லாமல் காலி செய்யச் சொன்ன வீட்டுக்காரரைப் பார்ப்பதுபோல எங்களைப் பார்த்தது. அதன் பிறகு புகை வந்துவிட்டதால் மற்றது தெரியவில்லை.

புகைக்குள்ளிருந்து தங்கையின் சிரிப்புச் சத்தம் கேட்டது. அவள் ஏறி உட்கார்ந்து, முதல் கியரைப் போட்டு, கிளட்சை விட்டாள். முட்டை கம்பீரமாகப் புறப்பட்டு, பின்னால் போய், ஷெட்டின் பின்சுவரில் முட்டி நின்றது.

முன்னால் தள்ளி நிறுத்தி, இரண்டாவது கியர். பின்னால்தான். மறுபடி தள்ளி, மூன்றாவது. அதுவும் பின்னால், இன்னும் வேகமாக. 

மாப்பிள்ளை கண்ணாடியைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். "மச்சான், கண்ணாடியில இடம் வலமாத் தெரியும், இல்ல?"

"நாப்பது வருஷமா அதுல சவரம் பண்றீங்களே மாப்ளே, இப்பத்தான் தெரிஞ்சுதா?"

தட்டு எதிர்ப்பக்கம் திரும்பியிருந்தது. பொறி தப்பான நேரத்தில் விழ, அந்தச் சின்ன என்ஜின் தலைகீழாகச் சுழல ஆரம்பித்திருந்தது. முன்னே போகிற கியர் எல்லாம் பின்னே போகிற கியர் ஆகிவிட்டது. சரிசெய்ய, தலை உடைந்த திருகை எடுக்கவேண்டும். அதற்கு என்ஜினை இறக்கவேண்டும். விடிந்தால் சனிக்கிழமை.

தங்கை என்ஜினை நிறுத்திவிட்டு ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டாள். எனக்கு அவள் முகத்தைப் பார்க்கப் பிடிக்கவில்லை. மாப்பிள்ளை தன் வெள்ளைத் துணியை எடுத்து மூக்கைச் சிந்தினார்.

"ஏங்க, அழறதுன்னா வெளில போய் அழுங்க" என்றாள் அவள். "கேட் வரைக்கும் ஏறணும்னுதானே சொன்னான்? எந்தப் பக்கமாப் பார்த்துக்கிட்டு ஏறணும்னு சொன்னானா? அண்ணா, காலைல சீக்கிரம் வந்துடு."

நான் சரக்கு ரயிலில் கார்டாக இருந்தவன். கடைசிப் பெட்டியில் உட்கார்ந்து, உலகம் பின்னால் போவதைப் பார்ப்பதற்கே முப்பது வருஷம் சம்பளம் வாங்கியவன். அதனால் எனக்குத்தான் வேலை வந்தது. தங்கை முன்னால் பார்த்து ஓட்டுவாள். நான் அவள் பக்கத்து இருக்கையில் மண்டியிட்டு, பின் கண்ணாடி வழியாகப் பார்த்து வழி சொல்லவேண்டும்.

காலையில் காபிக் கடைப் பையன் மினி லாரியோடு வந்துவிட்டான். மருமகன் கையைக் கட்டிக்கொண்டு நின்றான். முட்டையைத் தள்ளி, முதுகு மேட்டுப் பக்கமாக நிறுத்தினோம்.

"அம்மா, என்னம்மா இது? திருப்பி நிக்குது?"

"ஏறிக் காட்டச் சொன்னே, காட்டறேன். வழி விடுடா."

தெரு முனை வரை கௌரவமாகவே போனோம். அங்கே வண்டிகளைத் துரத்துவதையே தொழிலாக வைத்திருக்கும் ஒரு கறுப்பு நாய். வழக்கம்போலக் குரைத்துக்கொண்டு முட்டையின் பின்னால் ஓடிவந்தது. பின்னால் வந்த நாயைப் பார்த்து வண்டியும் வந்தது. அந்த நாய் இப்போது சைக்கிளுக்குக்கூட ஓரமாக நின்று வழி விடுகிறது.

மேடு ஆரம்பித்தது.

"வலது, வலது!" என்றேன்.

"உன் வலதா, என் வலதா?"

"என் வலது!"

"நீ திரும்பி உக்காந்திருக்கே, உன் வலது எனக்கு இடது!"

"அப்போ இடது! ஐயோ, அது இல்ல!"

முட்டை ஒரு மதில்சுவரின் மேலிருந்த பாசியைச் சுரண்டிக்கொண்டு போனது. அதன் பிறகு திசைகளைக் கைவிட்டோம். ஒருபக்கம் மதில், மறுபக்கம் வரிசையாக மரம்.

"மரப்பக்கம்! போதும். சுவர்ப்பக்கம் கொஞ்சம். கொஞ்சம்னா கொஞ்சம்தான்!"

பாதி மேடு வந்தது. முட்டை எப்போதும் இருமுகிற இடம். தங்கை ஆக்ஸிலரேட்டரை இன்னும் அழுத்தினாள். கீழே மினி லாரி பின்தொடர்ந்து வருவது அவளுக்குத் தெரிந்திருக்கும். அவள்தானே அந்தப் பக்கம் பார்த்து உட்கார்ந்திருந்தாள்.

முட்டை இருமவில்லை. புகையைக் கக்கிக்கொண்டு, தையல் இயந்திரம்போல ஓடிக்கொண்டே இருந்தது.

எனக்கு அப்போதுதான் உறைத்தது. பெட்ரோல் டேங்க் வண்டியின் கடைசியில், என்ஜினுக்குப் பின்னால் இருக்கிறது. பம்ப் கிம்ப் எதுவும் கிடையாது, பெட்ரோல் தானாக வழிந்து இறங்கவேண்டும். மூக்கைத் தூக்கிக்கொண்டு ஏறினால் டேங்க் என்ஜினுக்குக் கீழே போய்விடும். பெட்ரோல் எப்படி மேலே வரும்? இப்போது வால் மேலே இருந்தது. டேங்க் உயரத்தில் உட்கார்ந்து, பெட்ரோலைக் குழாயில் விட்டதுபோல விட்டுக்கொண்டிருந்தது. அத்தனை மெக்கானிக்குகளும் முடியை இழந்ததற்குக் காரணம், வண்டியைத் திருப்பிப் பார்க்காததுதான்.

"அண்ணா, ஏறுதுடா!" என்றாள் தங்கை. இத்தனை வருஷத்தில் அவள் என்னை 'டா' போட்டது அதுதான் முதல் தடவை. நான் அதைக் காதில் வாங்காததுபோல, "மரப்பக்கம்" என்றேன்.

தோழி கேட்டில் நின்றிருந்தாள். புகை கீழேயிருந்து வரும்போதே அவள் தீயணைப்பு நிலையத்துக்குப் போன் செய்துவிட்டதாகப் பிறகு சொன்னாள். முட்டையின் முதுகு கேட்டைத் தொட்டு நின்றது. கதவு தெருவைப் பார்த்து விரியத் திறந்தது. தங்கை இறங்கினாள்.

"ஏண்டி, நீ வர்றியா, போறியா?" என்றாள் தோழி.

"வந்துட்டேன். சீட்டை எடு. உன் கட்டு வேண்டாம், என் கட்டு கொண்டாந்திருக்கேன். முழுக்கைச் சட்டையெல்லாம் போட்டிருக்கே, கையை மடி முதல்ல."

மினி லாரியிலிருந்து மருமகனும் காபிக் கடைப் பையனும் இறங்கினார்கள். மருமகன் முட்டையை ஒருமுறை சுற்றி வந்தான். கேட்டைப் பார்த்தான். கீழே மேட்டைப் பார்த்தான். சொன்ன சொல்லுக்குக் கட்டுப்பட்டு, வாயே திறக்காமல், வேலைக்கு நேரமாகிவிட்டதென்று சைகை காட்டி, நடந்தே இறங்கிப் போய்விட்டான்.

ஆட்டம் ஆரம்பித்தது. தங்கை எதிரில் உட்கார்ந்து, கண் இமைக்காமல் தோழியின் இரண்டு கைகளையும் பார்த்துக்கொண்டு ஆடினாள். முதல் ஆட்டம் தோற்றாள். இரண்டாவதும் தோற்றாள். தோழியை எழுந்து நிற்கச் சொல்லி நாற்காலியைத் தட்டிப் பார்த்தாள். ஐந்தாவது ஆட்டத்தையும் தோற்றபின் சீட்டைக் கீழே வைத்தாள்.

"அப்போ போன்ல நீ ஏமாத்தவே இல்லையா?"

"எதுக்கு ஏமாத்தணும்? நீதான் என்ன எடுக்கப்போறேன்னு முன்னாடியே முனகிடறியே. இப்பவும் முனகிட்டுத்தான் இருக்கே."

தங்கை வாயை இறுக மூடிக்கொண்டு சீட்டைக் கலைத்தாள். முகத்தில் அப்படியொரு சந்தோஷம். எதிரே உட்கார்ந்து திட்ட ஒரு ஆள் கிடைத்த சந்தோஷம். "நாளைக்கும் வருவேன், நாளன்னைக்கும் வருவேன். உன்னை விடறதா இல்லை."

காபிக் கடைப் பையன் காலி லாரியின் சாவியைச் சுழற்றிக்கொண்டு வாசலிலேயே நின்றிருந்தான்.

"தம்பி, சும்மாத்தானே நிக்கறே? மூணு கை இருந்தா ஆட்டம் நல்லா இருக்கும். உக்காரு" என்றாள் தோழி.

அவன் செருப்பைக் கழற்றிவிட்டு வந்து உட்கார்ந்தான். கொஞ்சநேரத்தில் அவனுடைய போன் அடித்தது. கல்லா எங்கே வைப்பது, ஆசாரி வந்து காத்திருக்கிறார் என்று கடையிலிருந்து யாரோ கேட்டார்கள்.

"மரத்துலயே ஒண்ணு செய்யச் சொல்லுங்க" என்றான் அவன், சீட்டிலிருந்து கண்ணை எடுக்காமல். "அப்புறம் பேசறேன். இப்ப என் கை நல்லா வந்திருக்கு."