கோங் சாகக்கூடாது

மாட்டுக்கொட்டிலின் கதவைக் காலால் தள்ளிக்கொண்டு ஷூலான் உள்ளே போனபோது, கிழவர் கோங் வைக்கோலில் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்திருந்தார். அவள் பஞ்சுச் சட்டைக்குள் மறைத்துக் கொண்டுவந்த கிண்ணத்தில், அடித்து ஆவியில் வேகவைத்த முட்டை இன்னும் சூடாக இருந்தது. புத்தாண்டுக்குப் பிறகு அவள் வீட்டில் யாரும் முட்டையைக் கண்ணால் பார்த்ததில்லை. பெற்ற பிள்ளைக்கு இல்லாத முட்டை நிலப்பிரபுவுக்கு. இந்தக் கேவலத்தை யாரிடம் போய்ச் சொல்லி அழுவது?

ஊருக்கு இருந்தது ஒரே ஒரு வர்க்க எதிரி. கம்யூனிஸ்டுகள் ஆட்சியைப் பிடித்து, நாடு விடுதலையான வருடமே கோங்கின் நிலம் போயிற்று. வீடு கட்சி ஆபீஸாகி, இப்போது அதில் ஊர்ச் செயலாளர் யென் மதியம் குறட்டை விடுகிறான். கிழவருக்கு மிஞ்சியது இருமல் மட்டும்தான். ஆனாலும் அவர் இல்லாமல் ஊரில் புரட்சி நடக்காது. அமெரிக்காக்காரனைக் கண்டித்தாலும் அவர்தான் மேடையில் குனிய வேண்டும், ரஷ்யாக்காரனைக் கண்டித்தாலும் அவர்தான். இந்த வருடம், எந்தக் காலத்திலோ செத்துப்போன கன்பூசியஸைக் கண்டிக்கிறார்களாம். அதற்கும் அவர்தான் குனிந்தார். போன கூட்டத்தில் கழுத்தில் தொங்கிய பலகையோடு குப்புற விழுந்தவர், அதன் பிறகு எழுந்திருக்கவே இல்லை.

மறுநாளே யென், ஷூலானின் வீட்டுக்கு வந்துவிட்டான். அறுவடை முடிந்ததும் மாவட்டக் கமிட்டிக்காரர்கள் கூட்டம் பார்க்க வருகிறார்கள், மேடை காலியாக இருந்தால் ஊருக்கே அவமானம் என்று நீட்டி முழக்கினான். பிறகு அவள் புருஷன் தெஃபாவைப் பார்த்துச் சிரித்தான்.

"விடுதலைக்கு முந்தின வருஷம் உங்கப்பன் எருமை வாங்கினானில்ல? அதை இன்னொரு தடவை விசாரிக்கணும் தெஃபா."

அவ்வளவுதான். நடுத்தர விவசாயி ஒரே நாளில் பணக்கார விவசாயி, அதாவது அடுத்த வர்க்க எதிரி, ஆகிவிடுவான். மேடையில் எதிரிக்கு மாட்டும் காகிதத் தொப்பி தெஃபாவின் தலைக்கு வரும். பட்டாளத்துக்குத் தேர்வாகி, குடும்ப விசாரணைக்காக மட்டும் காத்திருக்கும் அவள் மகன், வாழ்நாள் முழுக்கச் சாணி அள்ள வேண்டியதுதான். கோங் பிழைத்தால்தான் அவள் குடும்பம் பிழைக்கும். அதற்காகத்தான் முட்டை.

"சாப்பிடுங்க பெரியவரே" என்றாள். மரியாதை தானாக வந்துவிட்டது. மேடையில் அவள் அவரைக் கூப்பிடுவதெல்லாம் பன்றி, பேய்.

கிழவர் மெதுவாகத் திரும்பி முட்டையைப் பார்த்தார், அவளைப் பார்த்தார்.

"தெஃபா பொண்டாட்டி, உன் தம்பி எப்படிச் செத்தான்?"

"உங்களுக்குத் தெரியாததா?"

"தெரியும். குழியில எறக்குனவனே நான்தானே. ஆனா நீ மேடையில சொல்றப்பல்லாம் அவன் எங்க வீட்டு வாசல்லதானே சாகறான். நெசத்தை ஒரு தடவை உன் வாயால சொல்லு, சாப்பிடறேன்."

ஷூலானுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. பழைய சமுதாயத்தின் துயரத்தைச் சொல்வதில் அந்தச் சுற்றுவட்டாரத்திலேயே அவளை மிஞ்ச ஆளில்லை. பழைய காலத்தில் அவள் தம்பி ஹேஷெங், கோங் வீட்டு வாசலில் பசியால் துடித்துச் செத்த கதையை அவள் சொன்னால் கல்லும் அழும். கதையைக் கட்டிக்கொடுத்தவன் யென். கேட்டு மூக்கைச் சிந்துகிறவர்களில் பாதிப்பேர் ஹேஷெங்கோடு பொதுச் சமையல்கூடத்தில் வரிசையில் நின்றவர்கள். எல்லோருக்கும் எல்லாம் தெரியும். எல்லோரும் அழுவார்கள். மானங்கெட்ட ஊர். அதில் தானும் ஒருத்தி என்பதும் அவளுக்குத் தெரியும்.

கோங்கும் ஒன்றும் உத்தமர் இல்லை. குத்தகை நெல்லை வாங்க ஒரு மரக்கால், கடன் கொடுக்க ஒரு மரக்கால் என்று வைத்திருந்த ஆள். செய்ததற்குத் திட்டு வாங்கினால் நியாயம். செய்யாததற்கு அல்லவா வாங்கிக்கொண்டிருந்தார்.

முட்டை ஆறிக்கொண்டிருந்தது. அவள் சொன்னாள். விடுதலைக்குப் பிறகு, வீட்டு அடுப்பையெல்லாம் மூடி ஊருக்கே ஒரே உலை வைத்த சமையல்கூடக் காலத்தில், வயலில் பத்து மடங்கு விளைந்ததாக யென் மாவட்டத்துக்குப் புளுகியதை. அந்தப் புளுகுக்கு ஈடாக ஊரின் நெல்லையெல்லாம் வண்டி வண்டியாய் அள்ளிப் போனதை. ஹேஷெங் ஒரு கைப்பிடி அவரை விதையைத் திருடித் தின்றதை. அவனுக்குச் சோறு போடக்கூடாதென்று யென் கரண்டியை நிறுத்தியதை. கிண்ணத்தைப் பிடித்தபடியே அவன் சமையல்கூட வாசலில் கிடந்ததை.

"அப்புறம்?" என்றார் கோங், சாப்பிட்டுக்கொண்டே. குரலில் இரக்கம் மருந்துக்கும் இல்லை.

மறுநாளும் அதையே கேட்டார். கஞ்சி கொண்டுபோன நாட்களிலும் கேட்டார். ஒவ்வொரு தடவையும் அவள் மறந்ததாக நினைத்திருந்த ஏதாவது ஒன்று கூடுதலாக வந்தது: தம்பியின் வீங்கிய பாதம், அவன் அக்கா என்று கூப்பிட்டபோது தான் திரும்பிப் பார்க்காமல் வரிசையில் நகர்ந்தது. வீட்டுக்கு வந்து அடுப்படியில் உட்கார்ந்து சத்தமில்லாமல் அழுவாள். கோங் தேறிவிட்டார். யென்னுக்குப் பெரிய சந்தோஷம்.

கூட்டத்தன்று களத்துமேடு நிரம்பி வழிந்தது. மாவட்டத்துக்காரர்கள் முன்னால் நாற்காலியில். மேடையில் கோங், தொப்பியும் பலகையுமாக, இடுப்பு ஒடியக் குனிந்து நின்றார். பக்கத்திலேயே யென். கோஷம் போடும் லியாவ் மேடை ஓரத்தில் சாய்ந்து வழக்கம்போல் கண்ணயர்ந்திருந்தான். ஷூலான் தேம்பி நிறுத்தினால்தான் அவனுக்கு வேலை.

ஷூலான் ஆரம்பித்தாள். பழைய சமுதாயம், பனி, கோங் வீட்டுப் பெரிய கதவு. எல்லாம் வழக்கமான இடத்தில் வழக்கம்போல் வந்தது. மாவட்டத்துக்காரர் ஒருவர் கைக்குட்டையை எடுத்தார்.

"என் தம்பி கிண்ணத்தைப் புடிச்சபடியே செத்தான்" என்றாள்.

அதோடு நிறுத்தியிருக்க வேண்டும். ஆனால் நாக்கு கொட்டிலில் பழகிவிட்டிருந்தது.

"சமையல்கூட வாசல்ல. ஒரு கைப்பிடி அவரை விதைக்காகக் கரண்டியை நிறுத்திட்டாங்க. அக்கான்னு கூப்பிட்டான். யென் பார்த்துட்டிருந்தான், நான் திரும்பலை."

சொன்ன பிறகுதான் அவள் காதில் அது விழுந்தது. முன்வரிசையில் தெஃபா தலையைக் கைகளில் தாங்கிக்கொண்டான். ஷூலான் வாயைப் பொத்திக்கொண்டு தேம்பினாள்.

அந்தத் தேம்பல் நின்றதும் லியாவ் திடுக்கிட்டு விழித்து, பழக்கத்தில் முஷ்டியை உயர்த்திக் கத்தினான். "ரத்தத்துக்கு ரத்தம் வாங்குவோம்!"

ஊர் முழுக்கக் கை உயர்ந்தது. ரத்தத்துக்கு ரத்தம் வாங்குவோம். இத்தனை வருடத்தில் அந்த ஊர் ஒருநாளும் அப்படிக் கத்தியதில்லை. கோங் யாரையும் கேட்காமல் நிமிர்ந்து நின்றார். அவருக்குப் பக்கத்தில் யென் நின்றிருந்தான், எல்லோரோடும் சேர்ந்து உயர்த்திய முஷ்டியை எப்படி இறக்குவதென்று தெரியாமல்.