டாக்டரம்மாவிடம் ஒரு பேரம்

பூந்தமல்லியில் கஜபதியின் பாத்திரக் கடைக்கு வருகிறவர்கள் அரை நாளை ஒதுக்கிக்கொண்டுதான் வருவார்கள். ஒரு எவர்சில்வர் குடத்துக்கு நாலு டம்ளர் டீ தீரும்வரை பேரம் பேசுவார் மனிதர். கல்லாவில் உட்கார்ந்து இதையெல்லாம் இருபது வருஷமாகப் பார்த்தவள் அவர் மனைவி வரலட்சுமி. அவளுக்கு மார்பில் புற்றுநோய் என்று வந்தபோதும் தனக்குத் தெரிந்த அந்த ஒரே வித்தையைத்தான் கஜபதி கையில் எடுத்தார்.

கட்டி கொட்டைப்பாக்கு அளவுதான். பக்கத்து நர்சிங் ஹோமில் கொழுப்புக் கட்டி என்று எடுத்துவிட்டார்கள். பரிசோதனைக்கு அனுப்பியதில் கேன்சர் என்று வந்துவிட்டது. பட்டணத்துப் பெரிய ஆஸ்பத்திரியில் டாக்டர் சுசீலா எல்லாக் காகிதத்தையும் படித்துவிட்டு, வரலட்சுமியைப் பார்த்துத்தான் பேசினார்.

"ஆரம்பத்துலயே தெரிஞ்சது நல்லதாப் போச்சும்மா. ஆனா எடுத்த கட்டியோட ஓரம் சுத்தமா இல்ல. உள்ளே கொஞ்சம் தங்கியிருக்கலாம். ரெண்டு வழி இருக்கு. மார்பை முழுசா எடுத்துடலாம். இல்லேன்னா அந்த இடத்தைச் சுத்தி இன்னும் கொஞ்சம் மட்டும் எடுத்துட்டு, அஞ்சாறு வாரம் கரண்ட், அதான் ரேடியேஷன், வைக்கலாம். எதுன்னாலும் அக்குள்ல இருக்கற நெறிகளையும் எடுத்து, அங்கே பரவியிருக்கான்னு பார்க்கணும். உயிருக்கு ரெண்டும் ஒரே பாதுகாப்புதான். உங்களுக்கு எது சரின்னு தோணுது?"

வரலட்சுமி வாயைத் திறப்பதற்குள் கஜபதி நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டார். இரண்டு சரக்கை எதிரே வைத்து எது வேண்டும் என்று கேட்கிறவன், மூன்றாவதை அடியில் ஒளித்து வைத்திருக்கிறான் என்பது அவர் தொழில் சொல்லிக்கொடுத்த பாடம்.

"அதெல்லாம் கெடக்கட்டும்மா. கடைசியா இன்னா, அத்தச் சொல்லு."

"கடைசியாத்தான் சொல்லியிருக்கேன்."

"நெறிய உட்ரு. கரண்ட்ட ரெண்டு வாரமா முடிச்சிக்கோ. கட்டியத்தான் ஏற்கெனவே எடுத்தாச்சே!"

"இதுல குறைக்கறதுக்கு ஒண்ணும் இல்லைங்க."

"அப்ப வேணாம்." கஜபதி ஃபைலைச் சுருட்டி அக்குளில் இடுக்கினார். வரலட்சுமியின் கையைப் பிடித்து வெளியே இழுத்து வந்தார். வராந்தாவில் நடை தளர்ந்தது. செருப்பைக் கழற்றி இல்லாத கல்லைத் தட்டினார்.

"திரும்பிப் பாக்காதமே. இப்ப கூப்டும் பாரு."

உள்ளேயிருந்து கூப்பிடத்தான் செய்தார்கள். அடுத்த நோயாளியை.

வெறும் கையோடு இறங்கிப் போகிற வாடிக்கையாளரைக் கடைக்காரன் கூப்பிடவில்லையென்றால் அதுதான் அடக்கவிலை. இது கஜபதிக்கே தெரிந்த சங்கதி. ஆனாலும் இரண்டு வாரம் காத்திருந்தார். எதிர்க்கடையில் டெலிபோன் மணி அடித்தால் கழுத்தை நீட்டினார். அந்த டாக்டரம்மாவுக்கு இந்த நம்பரே தெரியாதே என்று வரலட்சுமி சொன்னதற்கு, "ஆள் கெட்டி. எறங்கி வரும்" என்றார்.

நடுவில் அவருடைய அக்கா கன்னியம்மா கள்ளிக்குப்பத்திலிருந்து ஆரஞ்சுப் பழத்தோடு வந்தாள்.

"பேரன் எடுக்கப் போற வயசுல அது இருந்தா இன்னா, இல்லாங்காட்டி இன்னா? எடுத்துக் கடாசிட்டு ஜோலியப் பாருமே."

பழைய ஈயச் சொம்பைப் போட்டுவிட்டுப் புதுசு வாங்கச் சொல்கிற மாதிரி இருந்தது வரலட்சுமிக்கு. உடம்பு அவளுடையது. வெட்டுப்படப் போவதும் அவள். அதைப் பற்றி ஊரில் எல்லோருக்கும் ஒரு கருத்து இருந்தது. அவளிடம் கேட்டவர் டாக்டர் ஒருத்தர்தான், அந்தக் கேள்விக்கும் வேறு ஆள் பதில் சொல்லியாயிற்று.

மூன்றாவது வாரம், அம்பத்தூர்ப் பக்கம் யாரோ ஒரு டாக்டரைத் தனியாகப் பார்த்துவிட்டு வந்த கஜபதி, லாபம் பார்த்த முகத்தோடு சட்டையைக் கழற்றினார்.

"முடிஞ்சிடுச்சி! மாத்திரையே போதுமாம்."

"ஃபைலப் பாத்துச் சொன்னாரா?"

"ஃபைல் எதுக்கு? வாயில சொன்னேன்."

"இன்னான்னு சொன்ன?"

கஜபதி விசிறியைத் தேடினார். "பட்டணத்துல பெரிய டாக்டரம்மா, ஓரமெல்லாம் சுத்தமா கீது, மாத்திரையே போதும்னு சொல்ட்ச்சின்னேன். அவங்களே சொல்லிட்டாங்கன்னா சரிதான்னு இவரும் ஒத்துக்கினாரு."

எதிர்க்கடையில் குறைவாகச் சொன்னான் என்று புளுகி விலையை இறக்குகிற பழைய தந்திரம்! வரலட்சுமிக்குக் கோபம் உச்சந்தலை வரைக்கும் ஏறியது.

"யோவ், நீ இன்னா குடமாய்யா வாங்கப் போன? பொய்யச் சொல்லிப் பொய்ய வாங்கிகினு வந்துட்டு, அத்த என் ஒடம்புல ஒட்டப் பாக்கிறியா? நான் செத்தா யார் கைல போய்க் கொறச்சிக் கேப்ப?"

மறுநாள் காலையில் ஃபைலை எடுத்துக்கொண்டு தனியாகப் பஸ் ஏறினாள்.

டாக்டர் சுசீலா, "எங்கம்மா போனீங்க இத்தனை நாள்?" என்று கடிந்துகொண்டார். அவள் கடையில் பாத்திரத்தின் அடியைத் தட்டிப் பார்க்கிற மாதிரி ஒவ்வொன்றாகக் கேட்டாள்.

"வச்சிகினா மறுபடி அதுலயே வருமா?"

"முழுசா எடுத்தவங்களைவிட அந்த வாய்ப்பு கொஞ்சம் கூட. வந்தா அப்போ எடுக்கணும். இப்போ மறுபடி வெட்டி ஓரம் சுத்தமா வரலைன்னாலும் முழுசா எடுக்க வேண்டியதுதான். கரண்டை நடுவுல நிறுத்தவே கூடாது. நெறியில என்ன இருக்குங்கறதைப் பார்த்துத்தான் மருந்தைப் பத்திச் சொல்ல முடியும்."

"உயிருக்கு?"

"ரெண்டும் ஒண்ணுதான். அன்னிக்குச் சொன்னதுல ஒண்ணும் மாறலை."

வரலட்சுமி முந்தானையை முறுக்கினாள்.

"வச்சிக்கிறேம்மா." குரல் இறங்கியது. "வச்சிக்கணும்னு... ஆசையா கீது."

டாக்டர் சிரிக்கவில்லை. வயதைக் கேட்கவில்லை. எழுதிக்கொண்டார்.

பின்னாலேயே அடுத்த பஸ்ஸைப் பிடித்து வந்த கஜபதி வாசலில் மூச்சு வாங்கிக்கொண்டு நின்றார். "இன்னாமே, எது?"

"வச்சிக்கப் போறேன். ஆப்ரேசன் ஆனதும் தெனம் கரண்ட்டுக்கு வரணும்."

"தெனமுமா? அப்ப கல்லால யாரு குந்துறது?"

"நீ குந்து."

ஆபரேஷன் காகிதத்தில் வரலட்சுமி முதலில் கையெழுத்துப் போட்டாள். கணவரும் போட வேண்டும் என்றார் நர்ஸ். கஜபதி பேனாவை வாங்கி, டாக்டர் பக்கம் குனிந்தார்.

"டாக்டரம்மா, அந்த அஞ்சாறு வாரத்த ஒரு நாலா..."

"போடுய்யா கையெழுத்த!"

வராந்தா முழுக்கத் திரும்பிப் பார்த்தது. கஜபதி போட்டார். பேர் பாதியில் கோணிக்கொண்டு போனது. பயம்தான். இத்தனை நாள் பேரம் பேசியது அந்தப் பயம்தான் என்று வரலட்சுமிக்குப் புரிந்தது. அதை முதல் நாளே ஒரு வார்த்தை சொல்லித் தொலைத்திருந்தால் என்ன என்று இன்னும் கொஞ்சம் எரிச்சல்தான் வந்தது.