ஒரே ஒரு வளையம்

அக்கா பள்ளி வேன் ஓட்டுகிறாள். வழியில் கழிப்பறை கிடையாது என்பதால் வேலை நேரத்தில் தண்ணீரே குடிக்க மாட்டாள். அடிக்கடி நீர்க்கடுப்பு வரும். பழைய சீட்டைக் காட்டி மருந்துக் கடையில் மாத்திரை வாங்குவாள். இரண்டு நாளில் எரிச்சல் அடங்கியதும் நிறுத்திவிடுவாள்.

இந்த முறை அடங்கவில்லை. குளிர்காய்ச்சலில் உடம்பு தூக்கித் தூக்கிப் போட, அவளை நான் வேலை பார்க்கும் மருத்துவமனையிலேயே சேர்த்தோம். அங்கே பரிசோதனைக் கூடத்தில் கிருமிகளை வளர்த்துப் பார்ப்பது என் வேலை. அவள் சிறுநீரில் இருந்த கிருமியைத் தட்டில் தடவி, மேலே ஆறு மருந்து வில்லைகளை வைத்ததும் நான்தான். மருந்து வேலை செய்தால் வில்லையைச் சுற்றிக் கிருமி வளராது. தெளிவான வளையம் விழும். மறுநாள் பார்த்தால் ஒரே ஒரு வில்லையைச் சுற்றித்தான் வளையம். மற்ற ஐந்தையும் கிருமி ஒட்டி உரசிக்கொண்டு வளர்ந்திருந்தது.

எத்தனையோ பேருடைய முடிவுகளை எழுதிய கைதான். அன்று அக்காவின் பெயருக்கு நேரே ஐந்து முறை 'கேட்காது' என்று எழுதியது.

டாக்டரிடம் சொல்லிவிட்டு வார்டுக்குப் போனேன்.

"என்னடி, மூஞ்சி தொங்குது? செத்துருவேனா?"

"வாயைக் கழுவு. உனக்கு இனி மாத்திரை கேக்காது. ஒரே ஒரு ஊசி மருந்துதான் கேக்கும். தினம் ஒண்ணுன்னு பத்து நாள் இங்கயே படுத்துப் போட்டுக்கணும்."

"பத்து நாளா! வேன் பசங்களை யாரு கூட்டிட்டுப் போவா?"

"ஏன்க்கா பாதியில நிறுத்துன? வீட்டுலயே ஒருத்தி இருக்கேனே, ஒரு வார்த்தை கேட்டியா?"

கோபமாகத்தான் ஆரம்பித்தேன்; அழுகையில் போய் நின்றது. ஊசி ஏறாத கையால் என் மூக்கைத் துடைத்துவிட்டாள்.

"அழாதடி, பாக்க சகிக்கல. என் உடம்புல இருந்த கிருமியாச்சே, என் பிடிவாதம் வராம இருக்குமா?"

"சிரிக்காத. அது மத்தவங்களுக்கும் ஒட்டும். அவங்களுக்கும் மருந்து கேக்காது."

அக்காவின் சிரிப்பு நின்றது. "பசங்களுக்குமா?" என்றாள் மெதுவாக.

நான்காம் நாள் காய்ச்சல் விட்டது. வீட்டுக்குக் கிளம்புவாள் என்று பயந்து, சாப்பாட்டு இடைவேளையிலெல்லாம் கட்டிலருகே காவல் இருந்தேன். அவள் அசையவில்லை. பத்தாவது ஊசியையும் போட்டுக்கொண்டு, படுத்தபடியே பள்ளி மேலாளருக்குப் போன் செய்தாள்: "பாதி வழியில நூலகத்துல அஞ்சு நிமிஷம் நிறுத்துவேன் சார். பாத்ரூம் போகணும்."

இப்போது வேன் ஐந்து நிமிடம் தாமதமாகத்தான் வருகிறது. பெற்றோர் சிலர் முணுமுணுக்கிறார்கள். முணுமுணுக்கட்டும் என்கிறாள் அக்கா.