நாற்பத்தைந்து சுற்று

மார்ச் மாதம் ஒன்பதாம் தேதி, திங்கட்கிழமை, முற்பகல் பத்து மணி நாற்பது நிமிடத்துக்கு அக்கா ஒரு சிறிய இசைத்தட்டை மெல்லிய துணியால் துடைத்துக்கொண்டிருந்தார். தம்பி இறந்து நான்கு மணி இருபது நிமிடங்கள் ஆகியிருந்தன. பன்னிரண்டு மணிக்கு வண்டி வரும். கூடத்தில் வெள்ளைத் துணி போர்த்தி, மழித்த முகத்துடன், யாரையோ கேலி செய்துவிட்டுக் கண்மூடியவரைப் போலத் தம்பி கிடந்தார்.

"அத்தை, இது தேவையா?" என்றான் தம்பியின் மகன். "அப்பாவோட பாட்டு எனக்குத் தெரியாதா? ஸ்கூல் பசங்க, உங்க வீட்ல தினமும் கல்யாணமாடான்னு கேப்பாங்க. ஆளுங்க வர்ற நேரம்."

"எழுதி வச்சிருக்கான். வண்டி வர்றதுக்கு முன்னாடி இந்தத் தட்டு, ரெண்டு பக்கமும். கையெழுத்து இருக்கு, தேதியும் இருக்கு."

"யாராவது சிரிச்சா?"

"மத்ததெல்லாம் கும்மாளம். இது ஒண்ணுதான் அடக்கமான சங்கதி. நாப்பத்தொரு நாளா கேட்டவ சொல்றேன். என் பேச்சுல நம்பிக்கை இருக்கா, இல்லையா?"

அக்கா முப்பத்து நான்கு ஆண்டுகள் மருந்தாளராக இருந்தவர்; அவர் கையால் ஒரு மாத்திரைகூட மாறிப் போனதில்லை. மகன் தலையாட்டினான்.

தம்பி லிஃப்ட் மெக்கானிக். ஆர்கன் வாசிப்பவர் முன்னே நிற்க, டிரம்ஸும் கிதாரும் பின்னே வரும் இசைத்தட்டுகள் அவர் அலமாரியில் இருநூற்றுப் பதினாறு இருந்தன. அந்த ஆர்கனின் ஒலிபெருக்கிப் பெட்டிக்குள் ஒரு மோட்டார் சுழலும். அதனால்தான் சுரம் அலையலையாய்ப் புரளும். "பாட்டுக்குள்ள மோட்டார் ஓடுது பாருக்கா!" என்று பூரிப்பார். "கை மேல கொஞ்சுது, கால் கீழ பெடல்ல நடக்குது. ஒரே ஆளு!" அக்காவுக்கு அந்தத் துள்ளல் ஆகாது. தட்டு சுழலத் தொடங்கியதும், மடிக்காத துணி நினைவுக்கு வந்து எழுந்துவிடுவார்.

நோய் முற்றித் தம்பிக்குக் கை தூக்க முடியாமல் போனபோது, அவர் சொல்லச் சொல்ல, தட்டு வைக்கும் முறையை ஏழு படிகளாக அக்கா ஓர் அட்டையில் எழுதிக்கொண்டார். அன்று வைத்தது பெரிய தட்டு. மறுநாள் தம்பி இந்தச் சிறிய தட்டைக் கேட்டார். அக்கா அட்டையில் கண்டபடியே வைத்தார். இசை நின்று நிதானித்து, கனத்த மனிதர் ஒருவர் மாடிப்படி ஏறுவதைப் போல வந்தது. அக்கா நாற்காலியை இழுத்துப் போட்டு அமர்ந்தார். நாற்பத்தொரு நாளும் அமர்ந்தார். இருவரும் ஒரு வார்த்தைகூடப் பேசிக்கொண்டதில்லை. போர்வைக்குள் தம்பியின் கால் கட்டைவிரல் மட்டும் அசையும்.

பதினொன்றே முக்காலுக்கு ஒட்டடைக்குச்சி வந்தார். தம்பியோடு இருபது ஆண்டுகள் லிஃப்ட் பழுது பார்த்தவர். ஒல்லியான உயரத்துக்காகத் தம்பி சூட்டிய பெயர் அது. நண்பரின் காலருகே நின்று மூக்கைச் சிந்திக்கொண்டவர், அக்கா முள்ளைத் தூக்கியதும் செருமினார்.

"அக்கா, இன்னிக்காவது சொல்லிடறேன். அது நிமிஷத்துக்கு நாப்பத்தஞ்சு சுத்து சுத்தணும். நீங்க பெரிய தட்டு வேகத்துலயே, முப்பத்துமூணுல விடுறீங்க."

அக்காவின் கை அந்தரத்தில் நின்றது. "உனக்கு எப்பத் தெரியும்?"

"ரெண்டாம் நாளே. அவன்கிட்ட, 'டேய், உன் ஆர்கன்காரன் சேத்துல எருமை நடக்குற மாதிரி வாசிக்கிறான்டா'ன்னேன். 'வாயை மூடுறா, அக்கா உக்காந்து கேக்குறா. எதையாவது சொல்லி எழுப்பி விட்டுடாத'ன்னான்."

தட்டின் மேல் தூசு விழுந்தாலே வீட்டை இரண்டாக்குபவர் தம்பி. அக்கா அந்த மழித்த முகத்தைப் பார்த்தார்.

"திருட்டுப் பய," என்றார்.

மகனுக்கு வேறு கவலை. "சரியான வேகத்துல போட்டா எப்படி இருக்கும் மாமா?"

"கால் சும்மா இருக்காதுப்பா."

"அப்ப மெதுவாவே போட்டுடுங்க அத்தை. யாருக்குத் தெரியப்போகுது?"

"தெரியாம மாத்திக் குடுத்தா தப்பு. தெரிஞ்சே குடுத்தா அதுக்கு வேற பேரு." அக்கா அவன் பக்கம் திரும்பினார். "அடக்கமான பாட்டுன்னு உங்கிட்ட சொன்னேன். அது பொய்யாப் போச்சு. யாராவது சிரிச்சா என்னைக் கைகாட்டு."

ஒட்டடைக்குச்சி சிறிய விசையைத் தள்ளிக் காட்டினார். முள் இறங்கியது. டிரம்ஸ் இரண்டே தட்டு தட்டியது. ஆர்கன், சட்டைக் கையைச் சுருட்டிவிட்டுக்கொண்டு விருந்து வீட்டுக்குள் நுழையும் மாமனைப் போல உள்ளே வந்தது. அடிச்சுரம் தரையில் நடந்தது. துக்கத்துக்கு வந்திருந்த பக்கத்து வீட்டுக்காரர் இருமலோடு நிமிர்ந்தார். அவர் மனைவி சிரித்துவிட்டு வாயைப் பொத்தினார். மகன் சுவரைப் பார்த்து நின்றான். நாற்காலி முதுகின்மேல் அவன் விரல்கள் அவனைக் கேளாமலே தாளமிட்டன.

பக்கம் முடிந்தபோது வண்டி ஓட்டுநர் வாசலில் நின்றார். "கிளம்பலாமாங்க?"

அக்கா, மகன், ஒட்டடைக்குச்சி மூவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டனர். இறுதியில் தீர்மானிக்கப்பட்டது இவ்வளவே: இரண்டாம் பக்கமும் நாற்பத்தைந்திலேயே முழுவதும் ஓட வேண்டும், அது முடியும்வரை வண்டி நிற்க வேண்டும், வரும் ஞாயிறு முதல், முற்பகல் பதினொரு மணிக்கு, அலமாரியின் இடக்கோடியிலிருந்து வாரம் ஒரு தட்டு கேட்கப்படும், ஒட்டடைக்குச்சி தவறாமல் வந்துவிட வேண்டும். ஓட்டுநருக்கும் ஒரு நாற்காலி போடப்பட்டது.