அட்டை போட்டவன்

மாமாவின் பைக்குள் இருந்த இரும்புக் கம்பியை ஸ்கேனர் காட்டிக்கொடுத்துவிட்டது.

செக்யூரிட்டி அம்மா அதை வெளியே எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "இது எதுக்கு சார்?"

"லாரி ஓட்டுறேன்மா. ஜாக்கிக் கம்பி. பழக்கதோஷத்துல பையில போட்டு வந்துட்டேன்."

லாரி ஓட்டுகிறார் என்பது உண்மை. பழக்கதோஷம் என்பது பொய். ஒன்பது மணி நேர ரயில் பயணத்தில் அந்தக் கம்பி அவர் மடியை விட்டு இறங்கவில்லை. அந்த அம்மா ஒரு டோக்கனைக் கிழித்துக் கொடுத்து, போகும்போது வாங்கிக்கொள்ளச் சொன்னார். மாமா டோக்கனை அங்கேயே கசக்கிப் போட்டார்.

மாமா என்றால் என் அக்கா புருஷன். நாங்கள் வந்திருந்தது ஒரு பெரிய மாநாட்டு மையத்தில் நடந்த இயந்திரக் கண்காட்சிக்கு. வந்த வேலை ஒன்றே ஒன்று. இங்கே ஸ்டால் போட்டிருக்கும் பிரஸ் மெஷின் கம்பெனி இன்ஜினியரின் இடது கையை உடைப்பது. அக்காவுக்குப் போனதும் இடது கைதான். கட்டைவிரல் மட்டும் மிச்சம், மற்ற நான்கும் பட்டறைத் தரையிலேயே போய்விட்டன. விசாரிக்க வந்த அந்த இன்ஜினியர், மெஷினில் கோளாறு இல்லை, வேலை செய்தவர் பட்டனில் எதையோ சொருகியிருக்கிறார் என்று எழுதிக் கொடுத்துவிட்டுப் போனார். தான் எதையும் சொருகவில்லை என்று அக்கா கட்டுப்போட்ட கையோடு சத்தியம் செய்தாள். அக்கா சொன்னது உண்மை. இன்ஜினியர் எழுதியதும் உண்மை. சொருகியது நான்.

எங்கள் பட்டறையில் டப்பா மூடி அடிக்கிறோம். தகட்டை வைத்து, இரண்டு கையாலும் இரண்டு பட்டனை அமுக்கினால்தான் பிரஸ் இறங்கும். இரண்டு கையும் பட்டனில் இருந்தால் எந்தக் கையும் உள்ளே மாட்டாது என்று யோசித்துச் செய்திருக்கிறார்கள். ஆனால் அப்படி நல்ல பிள்ளையாக அடித்தால் வேலை நகராது. அதனால் அட்டைப்பெட்டியில் ஒரு துண்டைக் கிழித்து, நாலாக மடித்து, இடது பட்டன் ஓரத்தில் சொருகிவிடுவோம். அது அமுங்கியே கிடக்கும். இடது கை தகட்டைத் தள்ளும், வலது கை மட்டும் அடித்துக்கொண்டே இருக்கும். இதற்கு எங்களிடம் 'அட்டை போடுறது' என்று பெயர். பட்டறையில் எல்லோரும் போடுவோம், அக்காவைத் தவிர. அவளுக்குப் பயம். ஒரே ஒரு விதி உண்டு. போட்டவன் எடுத்துவிட்டுத்தான் எழுந்திருக்க வேண்டும்.

அன்றைக்கு அக்கா பத்து நிமிடம் முன்னாலேயே ஷிப்டுக்கு வந்துவிட்டாள். "எந்திரி, மூஞ்சியே வாடிக் கெடக்கு. போய் ஒரு டீ குடி" என்றாள். எழுந்து போனேன். பாதி டம்ளர் குடித்திருப்பேன், சத்தம் கேட்டது. சிக்கிய தகட்டை இடது கையால் எடுத்திருக்கிறாள். வலது கை பட்டன் மேலேயே இருந்திருக்கிறது. ஒரு கை பட்டால் இறங்காது என்று நம்பியிருக்கிறாள் பாவி. ஓடிவந்து அவளைத் தூக்கியது நான்தான் என்று இன்றைக்கும் எல்லோரும் சொல்கிறார்கள். தூக்குவதற்கு முன்னால் அட்டையை உருவிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டதை யாரும் பார்க்கவில்லை. அந்த நேரத்திலும் எனக்கு அந்தப் புத்தி வந்தது.

பதிவு மேசையில் ஒரு பெண் கணினியைத் தட்டிக்கொண்டே கேட்டாள். "எந்தக் கம்பெனி சார்?"

"கம்பெனியெல்லாம் இல்ல."

"பதவி?"

"புருஷன்" என்றார் மாமா.

அவள் சிரித்துவிட்டாள். நிமிர்ந்து அவர் முகத்தைப் பார்த்ததும் சிரிப்பை விழுங்கிக்கொண்டு 'மற்றவை' என்று அடித்தாள். ஆளுக்கொரு பேட்ஜும் ஒரு துணிப்பையும் கொடுத்தாள். மாமா பேட்ஜைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு, தலைமுடியைக் கையால் ஒதுக்கிக்கொண்டார். கொலைவெறியிலும் அந்த மனுஷனுக்கு ஒரு ஒழுங்கு உண்டு.

எங்கள் ஊர் பஸ் ஸ்டாண்டு நாலைத் தூக்கி அந்தக் கட்டடத்துக்குள் வைத்தாலும் ஓரத்தில் இடம் மிஞ்சும். மொத்தம் ஏழு ஹால். ஒன்றிலிருந்து இன்னொன்றுக்குப் போகத் தரையே நகர்ந்து ஆளைக் கொண்டுபோய் விடுகிறது. கம்பளத்தில் நடந்தால் நம் காலடி நமக்கே கேட்காது. கூரை எங்கேயோ இருந்தது. கழிப்பறைக்குப் போவதற்குக்கூட வரைபடத்தைப் பார்க்க வேண்டும். மாமா வந்த வேலையை ஒரு நிமிடம் மறந்து வாயைப் பிளந்து நின்றார்.

"யப்பா, இதுக்குள்ள டிரெய்லரையே திருப்பலாம் போலிருக்கே மாப்ள."

அவர் என்னை மாப்ள என்றுதான் கூப்பிடுவார். முகம் கொஞ்சம் இளகியிருந்தது. சொல்லிவிட வேண்டியதுதான் என்று நினைத்தேன்.

"மாமா, ஒரு விஷயம்..."

"பசிக்குதா? கொஞ்சம் பொறுத்துக்கோ. முடிச்சிட்டுச் சாப்பிடலாம்."

முடித்தால் சாப்பாடு போலீஸ் ஸ்டேஷனில்தான் என்று வாய் வரை வந்தது. ஆனால் அவர் தண்ணீர் பாட்டிலைத் திறந்து முதலில் என்னிடம் நீட்டினார். குடித்தேன், பேச்சும் அதோடு உள்ளே போய்விட்டது.

மூன்றாவது ஹாலில் கைக்கருவிகள். ஒரு ஸ்டாலில் சுவர் முழுக்கச் சுத்தியல்கள் தொங்கின. 'எடுத்துப் பாருங்கள்' என்று எழுதியிருந்தது. விற்பனைக்காரர் ஒன்றை எடுத்து மாமா கையிலேயே கொடுத்தார். "பிடி நழுவவே நழுவாது சார். ஒரே அடிதான்." மாமா அதைக் கையில் எடை பார்த்தார். விற்பனைக்காரர் அடுத்த ஆளிடம் திரும்பியதும் சுத்தியல் துணிப்பைக்குள் போனது. இருபது வருடம் அடுத்தவர் சரக்கை ஏற்றி இறக்கியும் ஒரு ஆணியைக்கூட எடுத்ததில்லை அவர். அந்தத் திருட்டும் என் தலையில்தான்.

நகரும் தரையில் நிற்கும்போது மறுபடி முயன்றேன். "மாமா, ஒருவேளை அந்த இன்ஜினியர் மேல தப்பு இல்லேன்னா?"

அவர் மெதுவாகத் திரும்பினார். "அப்ப உங்கக்கா பொய் சொல்றாளா?"

"அய்யோ, இல்ல மாமா."

"ரெண்டுல ஒண்ணுதானேடா? உங்கக்கா ராத்திரி பகலா அழுதது கை போனதுக்கு இல்ல. கடுதாசியில அவளைப் பொய்க்காரின்னு எழுதிட்டான், அதுக்கு. வாயை மூடிட்டு வா."

மூடிக்கொண்டேன். எனக்கு அது கைவந்த கலை.

ஐந்தாவது ஹாலில் அந்தக் கம்பெனியின் ஸ்டால். மேடை போட்டு, நீலப் பெயின்ட் மின்னும் புது பிரஸ்ஸை நிறுத்தியிருந்தார்கள். அதே இன்ஜினியர். கழுத்தில் டை, சட்டையில் சின்ன மைக். சுற்றி முப்பது நாற்பது பேர் நின்றார்கள்.

"பழைய மாடல்ல ஒரு பட்டனை அமுக்கியே வெச்சுட்டு ஓட்டுவாங்க. இதுல அது நடக்காது" என்று அவர் விளக்கிக்கொண்டிருந்தார். "ரெண்டையும் ஒரே நேரத்துல அமுக்கினாத்தான் இறங்கும்." அமுக்கிக் காட்டினார். ஒரு மூடி தெறித்து வந்தது.

"யாரு அமுக்கியே வெச்சது?" என்றார் மாமா, கூட்டத்தின் முன்வரிசைக்கு வந்து.

"ஓட்டுறவங்கதான் சார். வேலை சீக்கிரம் முடியணும்னு அவங்களே எதையாவது சொருகிடுவாங்க. அப்புறம் மெஷின் மேல பழி. போன வருஷம்கூட ஒரு அம்மா..."

மாமா மேடையில் ஏறியதை நான் பார்க்கவில்லை. சுத்தியல் இறங்கியதைத்தான் பார்த்தேன். முதல் அடி இன்ஜினியரின் வலது தோளில் விழுந்தது. காய்ந்த விறகை ஒடிக்கிற மாதிரி ஒரு சத்தம், மைக் வழியாக ஹால் முழுக்கக் கேட்டது. அவர் கத்தியதும் ஹால் முழுக்கக் கேட்டது. இரண்டாவது அடி காதைக் கிழித்துக்கொண்டு போய்க் கண்ணாடி மேசையை நொறுக்கியது. விளம்பரத் தாள் மேலெல்லாம் ரத்தம் தெறித்தது. தடுக்க வந்த கம்பெனி ஆள் ஒருவன் அடிவயிற்றில் உதை வாங்கி, உடைந்த கண்ணாடி மேலேயே விழுந்து உருண்டான். கூட்டம் பின்வாங்கி வட்டமாக நின்று, எல்லோரும் செல்போனைத் தூக்கினார்கள். தூரத்தில் நின்ற ஒருவர் இதுவும் செய்முறை விளக்கம் என்று நினைத்துக் கைதட்டினார்.

மாமா இன்ஜினியரை டையைப் பிடித்து இழுத்து, பிரஸ்ஸின் மேல் குப்புறத் தள்ளி, முதுகில் முழங்காலை ஊன்றினார். அந்த ஆளின் இடது கையைத் தகடு வைக்கும் அச்சுக்குள் திணித்து மணிக்கட்டை அழுத்திப் பிடித்தார். பட்டனை அமுக்க அவரிடம் கை மிச்சமில்லை.

"மாப்ள! வந்து அமுக்குடா!"

என் கால் போனது. ஏன் போனது என்று என்னைக் கேட்காதீர்கள். பதினோரு வருடம் பிரஸ் முன்னால் நின்ற உடம்பு, இரண்டு கையும் தானாகப் போய்ப் பட்டன்களின் மேல் உட்கார்ந்துகொண்டன. கீழே அந்த விரல்கள். நகம் ஒட்ட வெட்டியிருந்தது, ஆள்காட்டி விரலில் பேனா மை.

"பார்த்ததைத்தான் எழுதினேன்" என்று இன்ஜினியர் அழுதார். மூக்கிலிருந்து ரத்தம் இரும்பில் சொட்டியது. "பட்டன் ஓரத்துல அட்டைத் தூள் ஒட்டியிருந்துச்சு சார்... கண்ணால பார்த்தேன்..."

"அமுக்குடாங்கறேன்!"

"நான்தான் மாமா."

"என்னடா?"

"அட்டை போட்டது நான்தான். எடுக்க மறந்துட்டேன். அக்காவைத் தூக்குறதுக்கு முன்னால எடுத்து ஒளிச்சுட்டேன். அக்கா பொய் சொல்லல. இவரும் பொய் சொல்லல."

மாமாவின் முழங்கால் தளர்ந்தது. இன்ஜினியர் நழுவிக் கீழே விழுந்தார். மாமா சுத்தியலோடு என் முன்னால் வந்து நின்றார். மண்டையில் போடுவார் என்று காத்திருந்தேன். போட்டிருந்தால் எனக்கு நிம்மதியாக இருந்திருக்கும். அவர் சுத்தியலைக் கீழே போட்டுவிட்டு, அச்சைக் காட்டினார்.

"வை."

எதை என்று நான் கேட்கவில்லை. இடது கையை உள்ளே வைத்தேன். எண்ணெய் தடவிய இரும்பு ஜில்லென்று இருந்தது. மாமா பட்டன்களின் மேல் இரண்டு கையையும் வைத்தார்.

"என்னைப் பாரு" என்றார். பார்த்தேன். அமுக்கினார்.

இறங்கவில்லை. மறுபடி அமுக்கினார். உடம்பு எடை முழுவதையும் போட்டு, பல்லைக் கடித்துக்கொண்டு, நாலு முறை, ஐந்து முறை அமுக்கினார். நான் கையை எடுக்கவில்லை. ஆனால் சிறுநீர் போய்விட்டது, அதையும் சொல்லிவிடுகிறேன். இன்ஜினியர் மெஷினின் பக்கவாட்டில் சரிந்து உட்கார்ந்திருந்தார். ஒடிந்த தோள் தொங்கிக்கொண்டிருந்தது. இடது உள்ளங்கையை ஒரு சிவப்புப் பட்டனில் பதித்து, மெஷினை நிறுத்திப் பிடித்திருந்தார். தப்பித்து ஓடியிருக்கலாம் அந்த மனுஷன்.

அதற்குள் செக்யூரிட்டிகள் வந்து விழுந்தார்கள். ஆறு பேர். தடியால் மாமாவின் காலில், முதுகில், தலையில் மாறி மாறி அடித்தார்கள். புருவம் கிழிந்து கண்ணில் ரத்தம் வடிந்தது. அவர் ஒரு கையைக்கூடத் தூக்கவில்லை. பார்வை மட்டும் என் கையிலேயே இருந்தது.

கட்டடத்தின் பின்பக்கம் ஜன்னல் இல்லாத ஓர் அறையில் எங்களை உட்கார வைத்தார்கள். மாமாவின் கைகளைப் பின்னால் பிளாஸ்டிக் பட்டையால் இறுக்கியிருந்தார்கள். சுவரில் இருந்த திரையில் ஐந்தாவது ஹால் தெரிந்தது. இரண்டு பேர் கம்பளத்தைத் தேய்த்துக்கொண்டிருந்தார்கள். பக்கத்து ஸ்டாலில் அடுத்த விளக்கம் ஆரம்பித்துவிட்டது.

என் போன் அடித்தது. அக்கா. காவலுக்கு நின்ற செக்யூரிட்டி எட்டிப் பார்த்து, "வீடா? போலீஸ் வர்றதுக்குள்ள பேசி முடி" என்றார்.

"நீயே சொல்லு" என்றார் மாமா.

"டேய், யாரோ வீடியோ அனுப்பியிருக்காங்கடா" என்றாள் அக்கா. "அவருக்கு என்னடா ஆச்சு? நீ கூட இருக்கேன்னுதானே தைரியமா அனுப்பினேன்?"

சொன்னேன். டீ குடிக்கப் போனதிலிருந்து அட்டையை ஒளித்தது வரை, அவள் சத்தியம் செய்தபோது பக்கத்தில் நின்று நானும் தலையை ஆட்டியது வரை, இன்ஜினியரின் தோள், மாமாவின் புருவம், எல்லாம்.

"உன் கைக்கு ஒண்ணும் ஆகலையே?" என்று கடைசியில் கேட்டாள்.

எனக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. இவ்வளவுக்கும் பிறகு என் கையைப் பற்றிக் கேட்கிறாளே என்று நினைத்தேன். "இல்லக்கா. நல்லா இருக்கு."

"அந்தக் கையால என் வீட்டுக் கதவைத் தட்டிடாதே" என்றாள். போனை வைத்துவிட்டாள்.

"என்ன சொன்னா?" என்று மாமா கேட்டார்.

சொன்னேன். அவர் தலையை ஆட்டிவிட்டு, ரத்தம் வடிந்த முகத்தைத் தோளில் துடைத்துக்கொண்டு, நாற்காலியோடு என்னை விட்டுத் தள்ளி உட்கார்ந்தார்.