நூற்று எழுபத்திரண்டு மார்க்

முப்பது வருஷம் கணக்கு டீச்சராக இருந்தவளுக்கு ஓர் எண்ணைக் கண்டால் சும்மா இருக்க முடியுமா? தம்பியின் கட்டிலுக்குப் பக்கத்திலிருந்த வெள்ளைப் பலகையில் 'சி.ஆர்.பி.' என்று போட்டு, நர்ஸ் தினமும் காலையில் ஓர் எண்ணை எழுதிவிட்டுப் போவாள். ஆபரேஷனுக்கு முன்னால் ஆறு. மறுநாள் தொண்ணூற்றிரண்டு. அதற்கடுத்த நாள் நூற்று அறுபத்தெட்டு. அக்காவுக்குத் தலைகால் புரியவில்லை.

"டேய், ஆறுலேர்ந்து நூத்தி அறுபத்தெட்டுடா! நான் தொண்டை கிழியச் சொல்லிக் கொடுத்தப்பகூட நீ முப்பத்தஞ்சைத் தாண்டலையே!"

தம்பி லேசாகச் சிரித்தான். கார் ஓட்டக் கற்றுக்கொடுக்கிறவன், வயது நாற்பத்தெட்டு. குடலில் வந்த கட்டியோடு ஒரு முழம் குடலையும் வெட்டியெடுத்து, மிச்சத்தை ஒட்டித் தைத்திருந்தார்கள். தைத்த இடம் பிடிக்க வேண்டுமே என்பதுதான் கவலை. "நாலாம் நாள் ரத்தத்தைப் பார்த்துட்டுத்தான் சாப்பாடு. தையல் கசிஞ்சா மறுபடியும் வயித்தைத் திறக்கணும்" என்று டாக்டர் கறாராகச் சொல்லியிருந்தார். ரத்தத்தில் எதைப் பார்ப்பீர்கள் என்று அக்கா கேட்கவில்லை. கேள்வி கேட்டுத்தான் அவளுக்குப் பழக்கம், சந்தேகம் கேட்டுப் பழக்கமே கிடையாது.

மூன்றாம் நாள் நூற்று எழுபத்திரண்டு! வாயெல்லாம் பல்லாக, வார்டு முழுக்க சாக்லேட் கொடுத்தாள். பக்கத்துக் கட்டில் தையல்காரர், தரை துடைக்கிற அம்மா, லிஃப்ட்காரர், ஒருத்தரையும் விடவில்லை. நர்ஸும் அவசரத்தில் என்ன ஏதென்று கேட்காமல் ஒன்றை வாங்கிப் பைக்குள் போட்டுக்கொண்டாள்.

"எனக்கு?" என்றான் தம்பி.

"உனக்கு நாளைக்குடா, ராஜா."

நாளைக்கு வந்தது. பலகையில் எண்பத்தெட்டு. அக்கா பலகைக்குக் கிட்டே போய் மறுபடியும் பார்த்தாள். ஒரே ராத்திரியில் பாதியாகக் குறைந்தால் என்ன அர்த்தம்? தம்பி அசந்து தூங்கிக்கொண்டிருந்தான். விழித்ததும் இதைப் பார்த்தால் மனசு விட்டுவிடுவானே! அரை மார்க்கில் ஃபெயிலாகிற பையனுக்குக்கூட அந்த அரை மார்க்கைச் சேர்த்துப் போடாதவள், அக்கம்பக்கம் பார்த்தாள். கைக்குட்டையால் எண்பத்தெட்டை அழித்தாள். நூற்று எண்பது என்று எழுதிவிட்டு, ஒன்றும் தெரியாதவள் போல ஸ்டூலில் உட்கார்ந்துகொண்டாள்.

டாக்டர் வந்தார். பலகையைப் பார்த்ததும் அவர் முகம் மாறியது.

"நூத்தி எண்பதா? உடனே ஸ்கேனுக்கு அனுப்புங்க. ஆபரேஷன் தியேட்டர்லயும் சொல்லி வைங்க."

சத்தத்தில் விழித்த தம்பி பலகையைப் பார்த்தான். அவன் முகத்தில் ஈயாடவில்லை. "அப்போ தையல் விட்டுடுச்சா, டாக்டர்?" என்றான்.

"நான் எழுதினது எண்பத்தெட்டு டாக்டர்!" என்று நர்ஸ் பதறினாள்.

"நான்தான் மாத்தினேன்" என்று எழுந்து நின்றாள் அக்கா. "மார்க் குறைஞ்சு போச்சேன்னு..."

நர்ஸின் ஃபைலைப் புரட்டிப் பார்த்த டாக்டர் நாற்காலியைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்.

"அம்மா, இது மார்க் இல்லம்மா! வெட்டுப்பட்ட இடத்துல இருக்கிற செல்லெல்லாம் அடிபட்டுடுச்சுன்னு ரத்தத்துல சேதி அனுப்பும். அது கல்லீரலுக்குப் போனதும் கல்லீரல் ஒரு புரதத்தைக் கொட்டித் தள்ளும். அதோட அளவுதான் இந்த நம்பர். ரெண்டு மூணு நாள் ஏறத்தான் செய்யும். உள்ளே எல்லாம் நல்லா ஆறினா கூச்சல் அடங்கி, நம்பர் மளமளன்னு இறங்கும். தையல் கசிஞ்சாத்தான் இறங்காம நிக்கும். எண்பத்தெட்டுக்குத்தான் நாங்க எல்லாரும் காத்துக்கிட்டிருந்தோம்!"

வார்டே சிரித்தது. தையல்காரர் கைதட்டினார். அக்காவுக்கு வெட்கமான வெட்கம், அதைவிடப் பெரிய சந்தோஷம். சட்டென்று தம்பி பக்கம் திரும்பினாள்.

"ஏண்டா, இது இறங்கினாத்தான் நல்லதுன்னு உனக்கு முன்னாடியே தெரியுமா?"

"ஆபரேஷனுக்கு முன்னாடியே டாக்டர் படம் போட்டுச் சொன்னாரே."

"தெரிஞ்சுமா என்னை ஊருக்கெல்லாம் சாக்லேட் கொடுக்க விட்டே, படவா?"

"நீயும் பயந்திருந்தா நான் யாரு முகத்தைப் பாத்து தைரியமா இருக்கிறதுக்கா?"

அக்காவுக்குக் கண் நிறைந்துவிட்டது. அவன் தலையில் செல்லமாக ஒரு குட்டு வைத்தாள். பிறகு கைப்பையைத் திறந்து, அவனுக்கென்று எடுத்துவைத்திருந்த சாக்லேட்டை வெளியே எடுத்தாள். பிரிக்கப் போனவள் நிறுத்திக்கொண்டு, வகுப்பில் பையன்கள் செய்வது போலக் கையைத் தூக்கினாள்.

"டாக்டர், ஒரு சந்தேகம். இதைக் கொடுக்கலாமா?"